வலமாகச் சுற்றிய கம்பி

மாயெபூர்
5 பெப்ரவரி 1968

அப்பாவு மாமாவுக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. கிரியோலில் எழுதினால் கெட்ட வார்த்தை தானாக வந்து விழும். பிரெஞ்சு உங்களுக்குப் படிக்க வராது. ஆகவே கோயில் பள்ளிக்கூடத்தில் கற்ற தமிழிலேயே உங்களைத் திட்டப் போகிறேன்.

அப்பாவின் பாஸ் கிட்டாரை உங்களிடம் கொடுத்தபோது அதில் ஒரே ஒரு கோளாறுதான் இருந்தது. தந்திகளுக்கு அடியில் இருக்கும் இரண்டு பிக்கப்பில் பின்னது ஊமையாகிவிட்டது. உள்ளே கம்பி அறுந்திருக்கும், புதிதாகச் சுற்றித் தாருங்கள் என்றேன். சுற்றித் தந்தீர்கள். முன் பிக்கப்பின் சத்தக் குமிழை மட்டும் திறந்தால் சத்தம் வருகிறது. பின்னதை மட்டும் திறந்தாலும் வருகிறது. இரண்டையும் சேர்த்துத் திறந்தால் அடிச்சத்தம் முழுக்கக் காணாமல் போகிறது!

சனிக்கிழமை ஹோட்டலில் ஒத்திகை. இரண்டு குமிழையும் கடைசி வரை திருப்பி முதல் சுரத்தை அடித்தேன். தகர டப்பாவில் ஈ மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு சத்தம். ரெஜிஸ் "மூஸ்திக்! மூஸ்திக்!" என்று கத்திக்கொண்டு தன் கழுத்திலேயே அறைந்து கொசு அடித்துக் காட்டினான். மொத்த பேண்டும் சிரித்தது. ரெஜிஸைத் தெரியுமல்லவா, ஆள் உயரப் பெரிய பாஸை நிறுத்திவைத்து வாசிக்கிறவன். நான் வருவதற்கு முன்னால் என் இடம் அவனுடையது.

பேண்டின் தலைவர் க்ளோட் மட்டும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயம். "பூனி, மார்ச் மூணாந்தேதி ஞாயித்துக்கிழமை கேப்பேன். சரியா இருந்தா, பன்னெண்டாந்தேதி சுதந்திரக் கொடி ஏத்துற அன்னிக்கி கடலோர மைதானத்துல நீதான். இல்லேன்னா ரெஜிஸ். அப்புறம் ஹோட்டல்லயும் அவன்தான்" என்றார்.

ஒன்றை மட்டும் வைத்து வாசிக்கக் கூடாதா என்று கேட்காதீர்கள். முன்னது மட்டும் என்றால் அந்தக் கூடத்தில் குழறுகிறது. பின்னது மட்டும் என்றால் ஒல்லியாகக் கீச்சிடுகிறது. இரண்டும் சேர்ந்து வருகிற சத்தத்தைக் கேட்டுத்தான் க்ளோட் என்னை எடுத்தார். என்ன செய்து வைத்தீர்கள்? கதை சொல்லாமல் பதில் எழுதுங்கள்.

பூங்காவனம்


செமின் கிரனியே
8 பெப்ரவரி 1968

மருமகள் பூங்காவனத்துக்கு மாமன் அப்பாவு எழுதிக்கொண்டது. இங்கே நானும் என் ரேடியோ கடையும் நலம். அங்கே உன் மரியாதைக்குத்தான் உடம்பு சரியில்லை என்று கடிதத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

யாரிடம் பேசுகிறோம் என்று தெரிந்து பேச வேண்டாமா? முப்பத்தேழாம் வருஷத்து வேலைநிறுத்தத்தில் ஒரே ஒரு கம்பியைக் கழற்றி இந்தத் தீவையே இருட்டாக்கியவன் நான். ஆலைத் துரை என் வாசலுக்கு வந்து, தொப்பியைக் கழற்றி, "முஸ்யே அப்பாவு, வெளிச்சத்தைத் திருப்பிக் கொடு" என்று கெஞ்சினான். லண்டனில் எவனுக்கும் புரியாத ஒரு ரேடியோவைத் தூக்கிக்கொண்டு ஒருத்தன் கப்பலேறி என்னிடம் வந்தான்; அரை மணியில் பாட விட்டு அனுப்பினேன். அப்பேர்ப்பட்ட கைக்கு உன் கொட்டாங்கச்சி எம்மாத்திரம்?

ஆனாலும் அதைப் பிரித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. செய்தவன் கம்பியை இடமாகச் சுற்றியிருந்தான். இடமாக எங்கே சுற்றுவார்கள்? சுடுகாட்டில் சுற்றுவார்கள். உன் அப்பன் போய் தலைத்திவசம்கூட ஆகவில்லை. அதற்குள் இன்னொன்றை அப்படிச் சுற்றி உன் மடியில் வைக்க எனக்கென்ன பைத்தியமா? குளித்து, விபூதி பூசி, கற்பூரம் காட்டி, கோயிலைச் சுற்றுவதுபோல வலமாகச் சுற்றினேன். பத்தாயிரம் சுற்று இருக்கும். இருபதாயிரம் என்றும் சொல்லலாம். தலைமுடியைவிட மெல்லிய கம்பி, ஓர் இடத்தில் அறவில்லை. மேலே அரக்கை உருக்கி ஊற்றியிருக்கிறேன். இனி கடலிலேயே போட்டாலும் உள்ளே ஒரு சொட்டுப் போகாது.

தனித்தனியே நன்றாக வருகிறது என்று நீயே ஒப்புக்கொண்டாய். அப்படியானால் கோளாறு உன் க்ளோட்டின் ஆம்ப்ளிஃபயரில் இருக்கிறது. இல்லையென்றால் உன் விரலில்.

மாமன் அப்பாவு


மாயெபூர்
12 பெப்ரவரி 1968

மாமா,

குற்றத்தை நீங்களே எழுதி, கையெழுத்தும் போட்டு அனுப்பியதற்கு நன்றி.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு முன் குமிழை முழுக்கத் திறந்துவைத்தேன். பின் குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன். திறக்கத் திறக்கச் சத்தம் கூட வேண்டும். குறைந்தது! முன்னதில் கம்பி இடமாக ஓடுகிறது. பின்னதில் இப்போது வலமாக ஓடுகிறது. ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கிறது. ஒரே வண்டிக்கு முன்னால் ஒரு மாட்டையும் பின்னால் ஒரு மாட்டையும் கட்டி ஓட்டச் சொல்கிறீர்கள்.

பின்னதில் இருந்து வரும் இரண்டு கம்பியையும் இடம் மாற்றிப் பற்றவைத்தால் தீர்ந்துவிடும் என்று நினைத்தேன். மாற்றியும் பார்த்தேன். அடிச்சத்தம் திரும்பி வந்தது, கூடவே இரைச்சலும் வந்தது. ஏனென்றால் சுற்றின் ஒரு முனையை நீங்கள் பிக்கப்பின் தகர மூடியோடு பற்றவைத்திருக்கிறீர்கள். கம்பியை மாற்றினால் மூடிக்கே மின்சாரம் போகிறது. என் விரல் பட்டதும் தேனீக் கூட்டைத் தொட்ட மாதிரி இரைகிறது. அந்த முனையைப் பிரிக்கலாம் என்றால் மேலே உங்கள் அரக்கு. சுரண்டினால் கம்பி அறும். முன் பிக்கப்பையும் செய்தவன் மூடியோடுதான் பற்றவைத்திருக்கிறான், அதையும் மாற்ற வழியில்லை. பழையபடி வைத்து மூடிவிட்டேன்.

உங்களால் மட்டும்தான் முடியும். வந்து அந்த அரக்கை எடுத்து, பழையபடி இடமாகச் சுற்றித் தாருங்கள். கேட்க எனக்கு நாக்கு கூசுகிறது, ஆனாலும் கேட்கிறேன். என் இடம் போய்விடும், மாமா.

முப்பத்தேழைப் பற்றி: போன தீபாவளிக்குச் சொன்னபோது ஆலை மட்டும்தான் இருண்டது. ஆலைகூட இல்லை, கணக்குப்பிள்ளை அறை விளக்குதான் என்கிறாள் அம்மா.

பூங்காவனம்


செமின் கிரனியே
17 பெப்ரவரி 1968

பூங்காவனத்துக்கு,

காவடிக்கு லவுட்ஸ்பீக்கர் கட்டி இறக்கி இப்போதுதான் உட்கார்ந்தேன். என் லவுட்ஸ்பீக்கரில் பாடின பாட்டு ரேயூனியன் தீவு வரை கேட்டதாக மீன்பிடிக்கப் போனவர்கள் வந்து சொன்னார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் உன் கடிதம் வந்து வயிற்றெரிச்சலைக் கிளப்பியது.

உன் அம்மாவுக்கு ஞாபகமறதி. தம்பியின் பெருமை அக்காவுக்கு என்றைக்குப் பொறுத்தது?

இடமாகச் சுற்ற மாட்டேன். இந்தக் கையால் மாட்டேன். நீ சிரி, உன் பேண்டு சிரிக்கட்டும். உன் அப்பனை எரித்த அன்று குடத்தைத் தோளில் வைத்து இடமாகச் சுற்றி வந்தது யார்? ஆண்பிள்ளை இல்லாத வீடென்று நான்தான் சுற்றினேன். அந்த ஆளுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தது ஊருக்கே தெரியும். அப்படியும் சுற்றினேன். வருஷம் திரும்புவதற்குள் அதே கையால், அவன் பொருளில், அவன் மகளுக்காக, மறுபடியும் இடமாகவா? அந்த வீட்டில் மிச்சம் இருப்பது நீயும் அக்காவும்தான். யாருக்காகச் சுற்றச் சொல்கிறாய்?

வேண்டுமானால் ஒன்று செய்கிறேன். நடுவில் ஒரு சாவி வைத்துத் தருகிறேன். ஒரு பக்கம் தள்ளினால் முன்னது, மறுபக்கம் தள்ளினால் பின்னது. இரண்டும் சேரவே சேராது. உலகத்தில் எவனும் செய்யாத ஏற்பாடு. அது போதாதென்றால் நீ வாசிக்கிற லட்சணம் அவ்வளவுதான். இடமாகச் சுற்று என்று இன்னொரு கடிதம் வந்தால் பிரிக்காமல் அடுப்பில் போடுவேன்.

அப்பாவு


மாயெபூர்
28 பெப்ரவரி 1968

அடுப்பில் போடுவதற்கு முன் இந்த ஒரு வரியைப் படியுங்கள்: என் பாஸ் எங்கே?

வேலை முடிந்து வந்தேன். சுவரில் ஆணி மட்டும் இருக்கிறது. அம்மாவிடம் கேட்டால், "மாமா வந்தான், டீ குடிச்சான், எடுத்துக்கிட்டுப் போனான். உடன்பிறந்தவன் கேட்டா இல்லேன்னா சொல்ல முடியும்? பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இவ்வளவு கோவம்?" என்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றாந்தேதி. கையில் பாஸ் இல்லாமல் க்ளோட்டின் முன்னால் நான் எதை வாசிப்பேன், துடைப்பத்தையா? அப்பா இருந்தபோது வாசல் வழியாக வராதவர், அவர் போனபின் ஆள் இல்லாத நேரம் பார்த்து வந்து அவர் பொருளைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறீர்கள். இதற்குத் தமிழில் ஒரு சொல் இருக்கிறது. எனக்கு எழுத்துக்கூட்டி எழுதத் தெரியும்.

சனிக்கிழமைப் பஸ்ஸில் கண்டக்டர் கையில் கொடுத்து அனுப்புங்கள். எப்படி எடுத்தீர்களோ அப்படியே. தொடாதீர்கள்.

பூங்காவனம்


செமின் கிரனியே
4 மார்ச் 1968

வெற்றி! வெற்றி! வெற்றி!

நேற்று மேடையை விட்டு நீ கோபமாக ஓடிப்போனதால் நடந்ததை முழுதாகப் பார்த்திருக்க மாட்டாய். ஆகவே எழுதுகிறேன்.

பஸ்ஸை நம்பி அனுப்புகிற பொருளா அது? கரும்பு லாரியில் நானே மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கொஞ்சம் நேரமாகிவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். வழியில் கலவரக் காவலுக்கு வந்த பட்டாளத்துக்காரர்கள் நிறுத்தி, பெட்டிக்குள் என்ன துப்பாக்கியா என்று கேட்டார்கள். "துப்பாக்கியைவிடப் பெரியது" என்றேன். சல்யூட் அடித்து விட்டுவிட்டார்கள்.

நான் என்ன செய்தேன் என்று கேள். பின்னதை இடமாக மாற்ற மாட்டேன் என்றேன் அல்லவா? மாற்றவில்லை. முன்னதைப் பிரித்தேன். முன்னதையும் வலமாகச் சுற்றினேன்! இப்போது இரண்டும் ஒரே பக்கம் கோயிலைச் சுற்றுகிறது. தள்ளினால் இரண்டும் தள்ளும், இழுத்தால் இரண்டும் இழுக்கும். யாருக்காவது தோன்றியதா? உனக்குத் தோன்றியதா?

கூடத்துக்குள் நுழைந்தேன். எல்லாரும் எழுந்து நின்றார்கள். நானே மாட்டி, இரண்டு குமிழையும் முழுக்கத் திறந்து ஒரு தட்டுத் தட்டினேன். ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. கடலில் அலை ஒரு நிமிஷம் நின்றது. ரெஜிஸின் முகம் அவித்த கிழங்கு மாதிரி ஆகிவிட்டது. பிறகு, ஆம்ப்ளிஃபயர் மூச்சுத் திணறுவதைப் பார்த்து அதிலும் ஒரு சிறு திருத்தம் செய்து கொடுத்தேன்.

நன்றிக் கடிதம் எழுத அவசரமில்லை.

மாமன் அப்பாவு


மாயெபூர்
5 மார்ச் 1968

எல்லாரும் எழுந்து நின்றது, கதவை நீங்கள் உதைத்துத் திறந்ததால்.

நடந்ததை நான் எழுதுகிறேன். மூன்று மணிக்கு க்ளோட் என்னைக் கூப்பிட்டார். வெறுங்கையோடு நின்றேன். "பாஸ் எங்கே பூனி?" என்றார். மாமா எடுத்துப் போய்விட்டார் என்று சொன்னதும் ரெஜிஸ் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அவனை வாசிக்கச் சொன்னார். நன்றாகவே வாசித்தான். முடிக்கப் போகும்போது நீங்கள் வந்தீர்கள்.

நீங்கள் தட்டிய அந்த ஒரு தட்டு. அது சரியாக இருந்தது. என் வாயால் அதைச் சொல்ல வேண்டியிருப்பதே எனக்குத் தண்டனை. க்ளோட் தலையை நிமிர்த்தி, "பூனி, எடு. வாசி" என்றார். நான் வாரைத் தோளில் போட்டேன். அதோடு நீங்கள் வாயை மூடியிருந்தால்!

"முஸ்யே க்ளோட், உங்க ஆம்ப்ளிஃபயர்ல ஃப்யூஸ் கம்பி நூல் மாதிரி இருக்கு. மூச்சு விட முடியாம தவிக்குது" என்றீர்கள். அவர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, சட்டைப்பையில் இருந்து வேலிக்கம்பி போல ஒன்றை எடுத்து மாட்டினீர்கள். நான் முதல் பாட்டில் நான்கு சுரம் வாசித்தேன். ஐந்தாவதுக்குப் புகை வந்தது. ஃப்யூஸ் எதற்கு இருக்கிறது? தான் எரிந்து மற்றதைக் காப்பாற்ற இருக்கிறது. உங்கள் கம்பி எரியவில்லை, உள்ளே இருந்த ட்ரான்ஸ்ஃபார்மர் எரிந்தது.

ரெஜிஸின் பெரிய பாஸுக்கு மின்சாரம் வேண்டாம். மரத்தாலேயே சத்தம் போடும். க்ளோட் எரிந்த பெட்டியைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "ரெஜிஸ், பன்னெண்டாந்தேதிக்கு நீ வா" என்றார். அவ்வளவுதான்.

என் இடத்தை நீங்களே சரிசெய்து, நீங்களே கொளுத்திவிட்டீர்கள். இனி இந்த வீட்டுக்கு வராதீர்கள்.

பூங்காவனம்


செமின் கிரனியே
8 மார்ச் 1968

பூங்காவனத்துக்கு,

வராதே என்றாய், வரவில்லை. ஆனால் உன் க்ளோட் இங்கே வந்தான்.

மைதானத்தில் ஐயாயிரம் பேர் கூடுவார்களாம். திறந்தவெளி, கடற்காற்று வேறு. ஆம்ப் இல்லாமல் கிட்டாரும் கேட்காது, பாட்டுக்காரி குரலும் கேட்காது. கியூர்பீப் போனானாம், பட்டணம் போனானாம். கொடி நாளுக்காகத் தீவில் இருக்கிற ஆம்ப்ளிஃபயர் எல்லாம் போய்விட்டது. யாரோ செமின் கிரனியேவில் ஒரு ஆள் இருக்கிறான் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். கடைக்குள் நுழைந்து என் மூஞ்சியைப் பார்த்ததும் திரும்பிப் போகப் பார்த்தான். "ஆயோ, நீயா?" என்றான்.

உட்கார வைத்தேன். டீ கொடுத்தேன். நான் சொந்தக் கையால் செய்த பெரிய ஆம்ப்பைக் காட்டினேன். கண் கலங்கிவிட்டது அவனுக்கு. கிட்டத்தட்ட.

"எடுத்துக்க. ஒரே ஒரு வார்த்தை. என் மருமக வாசிச்சா ஆம்ப் வரும். ரெஜிஸ் வாசிச்சா இது இந்தப் பலகையை விட்டு எறங்காது" என்றேன். நாற்காலியை உதைத்துவிட்டு வெளியே போனான். வேலி வரை நடந்தான். திரும்பி வந்து சரி என்றான். திங்கட்கிழமை வண்டி கொண்டு வருவான்.

கொளுத்தினது நான்தான் என்றாயே, அணைத்ததும் நான்தான் என்று எழுதிவைத்துக்கொள்.

மாமன் அப்பாவு


மாயெபூர்
11 மார்ச் 1968

மாமா,

இந்தக் கடிதத்தைக் க்ளோட் கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன். அவர் எதிரே நிற்கும்போதே படியுங்கள்.

எனக்கு நீங்கள் வாங்கிக் கொடுத்த இடம் வேண்டாம். நாளை நான் மேடையேறினால் ரெஜிஸ் என்ன சொல்வான் தெரியுமா? "மாமன் ஆம்ப்போட வந்த சாமான்" என்பான். ஹோட்டலில் வருஷம் முழுக்க அதைக் கேட்டுக்கொண்டு நான் நிற்க வேண்டும். க்ளோட்கூட என் வாசிப்பைக் கேட்டு எடுக்கவில்லை, உங்கள் நிபந்தனையைப் பார்த்து எடுத்திருக்கிறார்.

அவரிடம் சொல்லிவிட்டேன். ஆம்ப்பை நிபந்தனை இல்லாமல் நீங்கள் கொடுக்க வேண்டும். இன்று மாலை அது வந்ததும் ரெஜிஸின் பாஸுக்கு மைக் வைத்து அவர் கேட்கட்டும். பிறகு என்னைக் கேட்கட்டும். பிடித்தவரை எடுக்கட்டும். நான் தோற்றால் அது என்னுடைய தோல்வி. அதையாவது என்னிடம் விட்டுவையுங்கள். நீங்கள் மறுத்தால் நாளை ரெஜிஸே வாசித்துக்கொள்ளட்டும், நான் அந்த மைதானத்துப் பக்கமே போக மாட்டேன்.

கொடுத்தாலும் மேடைக்கு அருகில் வராதீர்கள். குமிழைத் தொடாதீர்கள், ஃப்யூஸைத் தொடாதீர்கள், யாரிடமும் பேசாதீர்கள். கடைசி வரிசைக்குப் பின்னால் நில்லுங்கள்.

பூங்காவனம்


செமின் கிரனியே
14 மார்ச் 1968

பூங்காவனத்துக்கு மாமன் அப்பாவு எழுதிக்கொண்டது.

உன்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். ஊரான் முன்னால் என்னைக் கடிதம் படிக்க வைத்தாய். க்ளோட்டுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் மூஞ்சியைப் படிக்கத் தெரிகிறது. "என்ன எழுதியிருக்கா?" என்றான். "மாமா பெருந்தன்மைக்காரர், ஆம்ப்பைச் சும்மாவே தருவார் என்று எழுதியிருக்கிறாள்" என்றேன். தூக்கி வண்டியில் வைத்தேன். எந்த நிபந்தனையும் போடவில்லை. ஃப்யூஸ் கம்பிகூட மெலிசாகத்தான் போட்டேன்.

சாயந்திரம் யாரை எடுத்தான் என்று எனக்கு ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை. அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. அது முந்தினநாள் சாப்பிட்ட ஆக்டோபஸ் கறியாலும் இருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை வந்தேன். நீ சொன்ன இடத்தில்தான் நின்றேன், கடைசி வரிசைக்குப் பின்னால், மீன்காரர்களோடு. ஐயாயிரம் என்றார்கள், ஐம்பதாயிரம் இருக்கும். ஆளாளுக்குப் பிள்ளையைத் தோளில் தூக்கி வைத்திருந்தார்கள், பிள்ளை கையில் கொடி. மேடை தெரியவில்லை. நுனிக்காலில் நின்றேன், தெரியவில்லை. படகு ஒன்றின் மேல் ஏறினேன், அதன் சொந்தக்காரன் இறங்கச் சொன்னான். ரெஜிஸ் நிற்கிறானா நீ நிற்கிறாயா என்று ஒரு மண்ணும் புரியவில்லை.

ரவான் மேளத்தில் கை விழுந்தது. அப்புறம் பாஸ் வந்தது. காதுக்கு வருமுன் உள்ளங்காலுக்கு வந்தது. பெரிய பாஸின் சுரம் பிறந்த உடனே அடங்கிவிடும். இது அடங்கவில்லை, நின்றது, மணலுக்குள் நடந்து வந்தது. இரண்டு குமிழும் முழுக்கத் திறந்திருந்தன. ரெஜிஸால் அப்படி நிறுத்த முடியாது. நீதான்.

மூன்றாவது பாட்டில் தொனிக் குமிழை அளவுக்கு மேல் மூடிவிட்டாய். அதை நான் சொல்லாமல் யார் சொல்வார்கள்?

பக்கத்தில் நின்ற மீன்காரன் என்னைப் பார்த்து, "யாரு பாஸ் வாசிக்கிறது?" என்றான். விடுவேனா? வாயைத் திறந்தேன். என் மருமகள் என்றேன். இரண்டு பிக்கப்பையும் வலமாகச் சுற்றியவன் நான் என்றேன். முப்பத்தேழில் தீவையே இருட்டாக்கியதையும் ஆரம்பித்தேன். அவன் காதில் கையை வைத்து, "கேக்கல!" என்றான். தொண்டை கிழியக் கத்தினேன். "கேக்கல! பாஸ் மட்டுந்தான் கேக்குது!" என்று சொல்லிவிட்டு மேடைப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அப்புறம் நானும் பேசவில்லை. கடைசிப் பாட்டு முடியும்வரை நின்று கேட்டுவிட்டு வந்தேன்.

அப்பாவு